முழத்தை மீட்டராக்கும் முன் விரலாக்குங்கள்

பண்டைக் கட்டடக்கலை பற்றிய ஒரு நூலைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்த சமயம். கீசாவில் உள்ள பெரிய பிரமிடின் உயரம் 280 முழம், அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 440 முழம் என்று மூலத்தில் வந்தது. முழம் என்றால் 45 செ.மீ., இதற்கு யாரைப் போய்க் கேட்க வேண்டும் என்று கால்குலேட்டரைத் தட்டி, 126 மீட்டர், 198 மீட்டர் என்று அடைப்புக்குறிக்குள் போட்டு அனுப்பிவிட்டேன். பிரதியைச் சரிபார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: “மிச்ச இருபது மீட்டர் எங்கே?”

கட்டி முடித்தபோது அந்தப் பிரமிடு சுமார் 146.6 மீட்டர் உயரம். எங்கே தேடினாலும் கிடைக்கிற எண் அது. தேடத்தான் எனக்குத் தோன்றவில்லை. என் பெருக்கல் சரி, முழம்தான் தப்பு. எனக்குப் பழக்கமான முழத்தில் 24 விரல். பிரமிடைக் கட்டியவர்களின் அரச முழத்தில் 28 விரல். முழத்துக்கு நாலு விரல் வீதம், 280 முழத்தில் 1,120 விரலை விழுங்கியிருக்கிறேன். விரல் ஒன்று 1.87 செ.மீ. என்று பெருக்கிப் பாருங்கள், காணாமல் போன மீட்டரெல்லாம் திரும்பி வந்துவிடும். உயரமும் அடிப்பக்கமும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்ததால் பிரமிடின் வடிவம் கெடவில்லை, அதனால் எனக்குச் சந்தேகமும் வரவில்லை.

அதிலிருந்து எந்தப் பழைய அளவையும் நேராக மீட்டருக்குக் கொண்டுபோவதில்லை. முதலில் விரலாக்குவேன். கூட்டல், கழித்தல், வகுத்தல் எல்லாம் விரலிலேயே முடியும். கடைசியில் ஒரே ஒரு முறை செ.மீ. இந்த ஒழுங்கில் போனால் பாதித் தவறுகள் வருவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடும்.

விரல் என்னும் சில்லறை

இங்கே விரல் என்பது விரலின் அகலம். விரற்கடை என்று சொல்லிவிட்டால் நீளமா அகலமா என்ற குழப்பமே இல்லை. பெரிய நோட்டுகளைச் சில்லறையாக மாற்றிவிட்டு எண்ணுவது போலத்தான் இதுவும்: சாண், முழம், பாகம் எல்லாவற்றையும் விரலாக உடைத்துவிட வேண்டும்.

என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

4 விரல்: கட்டை விரலை விட்டுவிட்டு மற்ற நான்கையும் சேர்த்து வைத்த அகலம்
12 விரல்: சாண்
16 விரல்: அடி, அதாவது பாதம்
24 விரல்: முழம்
96 விரல்: பாகம், அதாவது இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்த நீளம்

மனப்பாடம் செய்யச் சோம்பலாக இருந்தால் ஒரு பழமொழி போதும். “எறும்பும் தன் கையால் எண்சாண்” என்று ஔவையார் பேரில் வழங்கும் பாட்டு முடியும். எறும்பானாலும் ஆளானாலும் தன் சாணால் எட்டு. எட்டுச் சாண் என்றால் நாலு முழம். எட்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 96. விரித்த கைகளின் நீளமும் ஆள் உயரமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் பாகமும் அதே 96. ரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொல்லும் கணக்கும் இங்கேதான் வந்து சேருகிறது: ஆளின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு பாதம், நாலில் ஒரு பங்கு முழம். 6 முறை 16 என்றாலும் 96, 4 முறை 24 என்றாலும் 96. அர்த்தசாஸ்திரத்தில் நாலு முழம் கொண்ட தண்டமும் 96 அங்குலம்தான். அந்த அங்குலம் நம் விரல், இன்றைய இஞ்ச் இல்லை. இதில் சறுக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏன் 96 என்று கேட்டால், மடிக்கத் தோதான எண் என்பதுதான் எனக்குப் படுகிற காரணம். மடித்தே பார்த்துவிடலாம்.

காகிதப் பட்டை

பழைய செய்தித்தாளை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, உங்கள் ஆள் நீளத்தைத் தாண்டும் வரை ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் நான் ரிப்பனில் செய்தேன். இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போய் மானத்தை வாங்கியது. காகிதமே நல்லது. சுவரில் முதுகு ஒட்ட நின்று, கைகளைத் தோள் மட்டத்தில் விரித்து, நடுவிரல் நுனி இரண்டையும் வேறொருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த நீளத்துக்குப் பட்டையை வெட்டுங்கள். இது உங்கள் பாகம்.

பாதியாக மடியுங்கள், இன்னொரு தரம் மடித்தால் கையில் இருப்பது ஒரு முழம். மூன்றாவது மடிப்பில் ஒரு சாண். இந்த இடத்தில் நிறுத்துங்கள். எட்டு அடுக்காக இருக்கும் காகிதத்தை மேலும் மடித்தால் மடிப்புக்கு மடிப்பு கோணிக்கொள்ளும். பட்டையை விரித்துவிட்டு, ஒரு சாணை மட்டும் எடுத்து மூன்றாக மடியுங்கள். பாதியாக்குவது போல் எளிதில்லை. கடிதத்தை உறையில் போட மடிப்போமே, அப்படி ஒரு மடிப்பு உள்ளே, ஒரு மடிப்பு வெளியே என்று நகர்த்தி நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். கிடைக்கும் துண்டு நாலு விரல். அதைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கினால் ஒரு விரல். மொத்தம் ஐந்து பாதி மடிப்பு, ஒரே ஒரு மூன்றாக்கும் மடிப்பு. அளவுகோல் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கயிறும் ஒரு ஆளும் இருந்தால் முழு அளவு முறையும் கையில் இருக்கிறது.

என் பட்டை 168 செ.மீ. அதனால் முழம் 42, சாண் 21, நாலு விரல் 7, ஒரு விரல் 1.75 செ.மீ.

சரி, இப்போது பட்டையை உடம்போடு வைத்துப் பார்த்தேன். முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை எனக்கு 45 செ.மீ. பட்டை சொல்வதைவிட மூன்று அதிகம். சாண் 21.5, பரவாயில்லை. நாலு விரல் 7.5. பாதம் பட்டையின்படி 28 செ.மீ. இருக்க வேண்டும், என் பாதமோ இருபத்தைந்தரைதான். முதலில் நான்தான் ஏதோ கோணலாகப் பிறந்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் வீட்டில் இருந்த நாலு பேரையும் அளந்தேன். எல்லோருக்கும் இதே கதை: கை முழம் நாலில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் நீளம், பாதம் ஆறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குட்டை.

உடம்பு தோராயம், கணக்கு முழு எண். 24க்குப் பதில் இருபத்தைந்தே முக்கால் விரல் என்று வைத்துக்கொண்டு யாரும் சுவர் எழுப்ப முடியாது. எனவே உடம்பிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, எண்ணை மடிப்புக்குத் தோதாக வைத்துக்கொண்டார்கள். ரோமப் பாதம் சுமார் 29.6 செ.மீ.; பெரும்பாலான ஆண்களின் பாதத்தைவிடப் பெரியது. ஆகவே பழைய அளவை மாற்ற உங்கள் கையை நீட்டி அளக்காதீர்கள். கை விகிதத்தை நினைவுபடுத்தத்தான். நீளத்துக்கு அந்தந்த நாட்டின் விரலைத்தான் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: எத்தனை விரல் முழம்?

என்னைக் கவிழ்த்தது இந்தக் கேள்விதான் என்பதால் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

24 விரல் முழம்தான் அதிகம் காணப்படுவது. கிரேக்கம், ரோம், எபிரேயம், தமிழ், சமஸ்கிருத நூல்கள் எல்லாவற்றிலும் அதுவே அடிப்படை. ஆனால் எகிப்தில் இரண்டு முழம் உண்டு: சிறு முழம் 24, அரச முழம் 28. எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கருவூல அதிகாரியாக இருந்த மாயாவின் முழக்கோல் இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 52.3 செ.மீ. நீளம். அதே மாதிரியான எகிப்தியக் கோல்களில் 28 விரல்களும் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டு, 24ஆம் விரலில் சிறு முழம் முடிவதும் குறிக்கப்பட்டிருக்கும். சாணிலும் இரண்டு, சின்னது 12, பெரியது 14. விரலை இரண்டாக, மூன்றாக, நாலாக என்று பதினாறு வரை பிரித்துக் காட்டும் கோடுகளும் அதில் உண்டு. கோலைப் பிடித்தவர்கள் எங்கெல்லாம் சண்டை போட்டிருப்பார்கள் என்று அந்தக் கோடுகளைப் பார்த்தாலே தெரிகிறது.

பழைய பாபிலோனிய முழத்தில் 30 விரல். முழம் சுமார் 50 செ.மீ. என்பதால் அவர்கள் விரல் மெலிந்தது, 1.67 செ.மீ.தான். பிற்காலப் பாபிலோனில் முழம் 24 விரலுக்கு வந்துவிடுகிறது. பெயர் ஒன்று, ஊர் ஒன்று, காலம் மாறினால் எண் மாறுகிறது.

அர்த்தசாஸ்திரத்தைத் திறந்தால் தலை சுற்றும். சாதாரண முழம் 24 அங்குலம். மேய்ச்சல் நிலத்தை அளக்க 28. படைவீடு, கோட்டை, அரண்மனைக்குத் தச்சர் முழம் 42. காட்டு மரத்துக்கு 54. கயிறும் பள்ளத்தின் ஆழமும் அளக்கும் ஆள் அளவு 84. தண்டம் 96, ஆனால் சாலைக்கும் கோட்டை மதிலுக்கும் 108. இதைக் குளறுபடி என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் எந்த வேலைக்கு என்று நூலே சொல்லிவிடுகிறது. மாற்றுகிறவர் எதை அளக்கிறார்கள் என்று பார்க்காமல் 24ஐப் போட்டால் காட்டு மரம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும்.

கிரேக்கர்களிடம் முழத்துக்குள்ளேயே சிறு முழங்கள் உண்டு. முழங்கையிலிருந்து மூடிய கையின் முட்டி வரை 18 விரல், பெயர் பிக்மே. விரல்களை மடக்கிய மூட்டு வரை 20, பெயர் பிகோன். நடுவிரல் நுனி வரை நீட்டினால் 24, பெக்கிஸ். மூன்றையும் “முழம்” என்றே தமிழாக்கிவிடும் ஆசை எனக்கும் வந்தது உண்டு. அதேபோல் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே உள்ள அளவு அவர்களுக்கு 10 விரல். தமிழில் இதற்கு ஒட்டைச்சாண் என்று தனிச் சொல்லே இருக்கிறது. இருக்கும் சொல்லை விட்டுவிட்டு “சிறு சாண்” என்று எழுதி வைத்த நாட்களை எண்ணி இப்போது நொந்துகொள்கிறேன்.

சில நேரம் நூலே வித்தியாசத்தைச் சொல்லிவிடும். பைபிளில் எசேக்கியேல் 40ஆம் அதிகாரத்தில் வரும் அளவுகோல் ஆறு முழம், ஆனால் ஒவ்வொரு முழமும் வழக்கமான முழத்தைவிட நாலு விரற்கடை அதிகம். அப்படியானால் 28 விரல் முழம். ஆறு முறை 28, 168 விரல். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பாபிலோன் மதிலைப் பேசும்போது அரச முழம் சாதாரண முழத்தைவிட மூன்று விரல் பெரிது என்கிறார், அங்கே 27. இந்த மாதிரி வரிகள் கண்ணில் பட்டால் பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள். பத்துப் பக்கம் கழித்து அவர் வெறுமனே “முழம்” என்பார், எது என்று நீங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

விரலின் விலை

எத்தனை விரல் என்று தெரிந்தபின் ஒரு விரல் எவ்வளவு என்பது. நான் கைவசம் வைத்திருப்பவை: எகிப்து 1.87 செ.மீ., ரோம் 1.85 (29.6ஐப் 16ஆல் வகுத்தது), பழைய பாபிலோன் 1.67. கிரேக்கத்துக்கு ஒரே எண் சொல்ல முடியாது, அது அடுத்த பத்தியில். தமிழ் வாய்பாட்டில் எட்டு நெல் ஒரு விரல். பக்கம் பக்கமாக எட்டு நெல்லை ஒட்டவைத்து அளந்ததில் எனக்கு 2.1 செ.மீ. வந்தது. நெல்லுக்கு நெல் மாறும், அதனால் அதை வைத்து யாரோடும் பந்தயம் கட்டமாட்டேன்.

கிரேக்கத்தில் உள்ள ஒலிம்பியாவின் ஓட்டக்களம் தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரை 192.27 மீட்டர். அது 600 பாதம் என்று கணக்கு. வகுத்தால் பாதம் 32 செ.மீ., விரல் 2 செ.மீ. மற்ற ஊர்க் களங்களும் 600 பாதம்தான், ஆனால் நீளம் குறைவு. ஒலிம்பியாக் களத்தைப் புராண வீரன் ஹெராக்லிஸ் தன் பாதத்தால் அளந்தான் என்று கதை. அந்தப் பாதம் மற்றவர் பாதத்தைவிட எவ்வளவு பெரிதோ அதே விகிதத்தில் அவன் உயரமும் பெரிது என்று பித்தாகரஸ் கணக்குப் போட்டதாக ரோம எழுத்தாளர் ஆலஸ் ஜெல்லியஸ் எழுதியிருக்கிறார். ஆறால் பெருக்கிப் பார்த்தால் ஹெராக்லிஸ் 192 செ.மீ. கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

எண் கிடைக்காத இடத்தில் திருப்பிக் கணக்குப் போடலாம். அளவு எழுதப்பட்ட பொருள் இன்றும் நிற்கிறதா என்று பாருங்கள். எருசலேமில் சீலோவாம் சுரங்கக் கால்வாய் இருக்கிறது. உள்ளே பாறையில் வெட்டியிருந்த கல்வெட்டு, நீர் 1,200 முழம் ஓடியதாகச் சொல்கிறது. கால்வாயின் நீளம் 533 மீட்டர். வகுத்தால் முழம் 44.4 செ.மீ., 24ஆல் வகுத்தால் விரல் 1.85. ரோம விரலோடு ஒத்துப்போகிறது. 1,200 என்பது முழுதாக்கிச் சொன்ன எண்ணாக இருக்கலாம், அதனால் கடைசி இலக்கத்தை நான் கல்லில் வெட்டமாட்டேன்.

கையோடு சில கணக்கு

பைபிளில் வரும் கோலியாத்தின் உயரம் ஆறு முழம் ஒரு சாண். ஆறு முறை 24, 144. சாணுக்கு 12 சேர்த்தால் 156 விரல். 1.85ஆல் பெருக்கினால் 288.6 செ.மீ. நான் “ஏறத்தாழ 2.9 மீட்டர்” என்று எழுதுவேன். இதோடு முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சாக்கடல் அருகே கிடைத்த பழைய எபிரேயச் சுருளிலும் நாலு முழம் ஒரு சாண் என்றுதான் இருக்கிறது. 108 விரல், 2 மீட்டர். எந்தப் பிரதியைப் பெயர்க்கிறீர்களோ அதைப் பொறுத்து அரக்கன் ஆகிறான், இல்லையென்றால் வாட்டசாட்டமான ஒரு படைவீரன். கால்குலேட்டர் இதைச் சொல்லாது.

ஹெரோடோட்டஸின் மதில்: அகலம் 50 அரச முழம், உயரம் 200. முழம் 27 விரல் என்றால் உயரம் 5,400 விரல், சாதாரண முழத்தில் 225. செ.மீ.க்கு மாற்றினால் சுமார் 100 மீட்டர். முப்பது மாடி உயரத்துக்கு மதில்! மாற்றல் சரி, சொன்னவர்தான் கூட்டிச் சொல்லிவிட்டார். இப்படி வந்தால் எண்ணைத் திருத்தாதீர்கள். அப்படியே மாற்றிக் கொடுத்துவிட்டு, நம்ப முடியவில்லை என்று அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

பிரமிடின் சரிவு மாற்றவே வேண்டாத அழகான கணக்கு. ஒரு முழம் ஏறினால் எத்தனை உள்ளங்கை உள்ளே நகர வேண்டும் என்பதுதான் எகிப்தியர் சரிவைச் சொல்லும் முறை, பெயர் செக்கேது. உள்ளங்கை நாலு விரல், அரச முழத்தில் ஏழு. பெரிய பிரமிடில் பாதி அடிப்பக்கம் 220, உயரம் 280. 220ஐ 280ஆல் வகுத்து ஏழால் பெருக்கினால் ஐந்தரை உள்ளங்கை. ஐந்து உள்ளங்கை இரண்டு விரல் என்று கொத்தனிடம் சொன்னால் போதும். இதையே மீட்டரில் போட்டுப் பாருங்கள், தசமங்கள் வாலை நீட்டிக்கொண்டு வரும்.

இரண்டு நாட்டு அளவுக்கு நடுவே

ஒரே நாட்டுக்குள் விரலோடு முடித்துவிடலாம் என்றேன். இரண்டு நாடு என்றால் அது ஆகாது. 100 ரோமப் பாதத்தை எகிப்திய அரச முழமாக்க வேண்டும். விரல் வழியாக: 1,600ஐ 28ஆல் வகுத்தால் 57.1 முழம். செ.மீ. வழியாக: 2,960ஐ 52.4ஆல் வகுத்தால் 56.5. ஒரு சதவீதம்தான் தள்ளல், ஏனென்றால் இரண்டு நாட்டு விரலும் கிட்டத்தட்ட ஒரே பருமன். அதே நூறு பாதத்தைப் பழைய பாபிலோனிய முழத்துக்குக் கொண்டுபோங்கள். விரல் வழியில் 53.3, செ.மீ. வழியில் 59.2. பத்து சதவீதம் பிசகுகிறது. ஆகவே ஊர் தாண்டும்போது மட்டும்: விரலாக்கு, மூல நாட்டு விரலின் செ.மீ.யால் பெருக்கு, போய்ச்சேரும் நாட்டு விரலின் செ.மீ.யால் வகு, பிறகு அந்த நாட்டு முழத்தில் கட்டு.

கால் கணக்கு தனிக் கணக்கு. ரோமரின் பாஸுஸ் என்பது 5 பாதம், 80 விரல். இடது கால் ஊன்றி மறுபடி இடது கால் ஊன்றும் வரை ஒன்று, அதாவது நடையில் இரண்டு எட்டு, இரண்டு காலடி. ஆயிரம் பாஸுஸ் ஒரு மைல், 1,480 மீட்டர். இதை “ஆயிரம் எட்டு” என்று எழுதினால் வாசகர் நடக்கும் தூரம் பாதியாகிவிடும். ஒரு எட்டுக்கு ரோமரிடம் கிராதுஸ் என்று வேறு சொல் இருந்தது, இரண்டரைப் பாதம்.

பரப்புக்கு வந்தால் தவறு தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் அளக்கும் கோல்கள் பல: பன்னிரு சாண் கோலும் வருகிறது, பதினாறு சாண் கோலும் வருகிறது. கோயில் சுவர்களில் அந்தந்தக் கோலின் நீளத்தை வெட்டியே வைத்திருக்கிறார்கள். 144 விரலுக்கும் 192 விரலுக்கும் நீளத்தில் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குதான். சதுரமாக்கினால் 9க்கு 16. கல்வெட்டில் வெறும் “கோல்” என்று மட்டும் கண்டு பதினாறு சாணை எடுத்துக்கொண்டீர்கள், உண்மையில் அது பன்னிரு சாண் என்று வையுங்கள். ஒருவர் நிலத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொடுத்துவிட்டீர்கள். அதனால் பரப்பில் நான் செய்வது: பக்கங்களைத் தனித்தனியாக விரலாக்கி, செ.மீ.யாக்கி, அதற்குப் பிறகுதான் பெருக்குவது.

அச்சில் என்ன போடுவது

மூலத்தில் முழம் இருந்தால் நானும் முழம் என்றே வைக்கிறேன். மீட்டர் அடிக்குறிப்புக்குப் போகும், “சுமார்” என்ற சொல்லோடு. “ஆறு முழம்” என்று ஒரு இலக்கத்தில் சொன்னவர் வாயில் “2.664 மீட்டர்” என்று நாலு இலக்கத்தைத் திணிப்பது நியாயமில்லை. சிறிய எண்ணுக்கு ஒரு தசமம், நூறு முழத்துக்கு மேல் போனால் தசமமே வேண்டாம். எத்தனை விரல் முழம் என்று வைத்தேன் என்பதை நூலின் தொடக்கத்தில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஒருவர் என் எண் தப்பு என்று கண்டுபிடித்தாலும், அந்த வரி இருந்தால் அவரே திருத்திக்கொள்வார்.

கைப்பிரதியின் ஓரத்தில் எனக்கென்று ஒரு குறி இருக்கிறது: எ.வி.? எத்தனை விரல் என்பதன் சுருக்கம். முழம், கோல், பாகம் எது வந்தாலும் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டு, விடை தெரிந்த பிறகுதான் அடிப்பேன். போன முறை அனுப்பிய பிரதியில் ஒன்றை அடிக்க மறந்திருக்கிறேன். சரிபார்ப்பவர் அதன் கீழே பென்சிலால் 28 என்று எழுதி அனுப்பியிருந்தார். அது எகிப்துப் பக்கம்தான்.